அக்கா சொன்னது ஒன்று, நான் போய்ச் சொன்னது ஒன்று

ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே போட்டிருந்த இரும்பு நாற்காலிகளில் என் அக்காவும் தம்பியும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மருந்து வாங்கிக்கொண்டு திரும்பி வந்த எனக்குத் தூரத்திலிருந்து அதைப் பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது. எட்டு வருஷமாக நேருக்கு நேர் நாலு வார்த்தை பேசிக்கொள்ளாதவர்கள். அம்மா விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டதில் இப்படி ஒரு நல்லதும் நடக்கிறதே என்று நினைத்தபடி கிட்டே போனேன். அக்கா நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையை எனக்கு ஐந்து வயதிலிருந்தே தெரியும்.

“டேய், ‘அவனும் பாவம், ஆயிரம் வேலை’ன்னு நான் எப்படா சொன்னேன்?”

தம்பி தன் பங்குக்கு, “உன்னை நினைச்சு அக்கா கண்ணு கலங்கிடுச்சுன்னு போன வருஷம் மெசேஜ் போட்டியே அண்ணா, எதுக்கு?” என்றான்.

நடந்தது இதுதான். அப்பா இறந்த சமயத்தில் தம்பியால் நேரத்துக்கு வந்து சேர முடியவில்லை. அக்கா அவனிடம் ஒரு வார்த்தை சொன்னாள், அவன் பதிலுக்கு ஒன்று சொன்னான். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றுபோனது. அதற்குப் பிறகு எல்லாம் என் வழியாகத்தான். அக்கா என்னிடம் “அம்மா இருக்காங்கங்கறதே அவனுக்கு ஞாபகம் இருக்கான்னு கேளு” என்பாள். நான் தம்பியிடம் “அக்கா உன்னைத் தேடுது, முடிஞ்சா ஒரு நாள் வந்துட்டுப் போ” என்று எழுதுவேன். தம்பி “அவங்களே பார்த்துக்கட்டும், எனக்கு லீவ் இல்லை” என்பான். நான் அக்காவிடம் “வரணும்னு துடிக்கிறான், லீவுதான் கிடைக்கல” என்பேன். அன்றைக்கு மூன்று மணி நேரம் காத்திருந்ததில், வேறு பேச்சு இல்லாமல், இருவரும் நான் அனுப்பிய மெசேஜ்களை ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். எட்டு வருஷத்துக்குப் பிறகு அவர்கள் ஒன்றுசேர்ந்தது என்னைத் திட்டுவதற்காகத்தான்.

எனக்குக் கோபம் வந்தது. நான் நல்லதுதானே செய்தேன்? அக்கா சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது. “நல்லது செஞ்சே, சரி. எட்டு வருஷமா நான் யார்கிட்ட கோபமா இருந்தேன், யாரை மன்னிச்சேன்னே எனக்குத் தெரியல. அது இவன் இல்லையே. நீ பண்ணி வச்ச ஆளு.”

அன்று ராத்திரி ஆஸ்பத்திரி பெஞ்சில் தூக்கம் வராமல் படுத்திருந்தபோதுதான், இந்த வேலையை நான் எப்போது ஆரம்பித்தேன் என்று யோசித்தேன். எட்டு வருஷக் கதை இல்லை அது.

சின்ன வயதில் எங்கள் மூன்று பேருக்கும் ஒரே அறை. சுவரோரம் அக்கா, கதவுப் பக்கம் தம்பி, நடுவில் நான். விளக்கை அணைத்ததும் ஆரம்பிக்கும். “அவனைக் காலை எடுக்கச் சொல்லு.” “அவளை ஏன் இவ்ளோ சத்தமா மூச்சு விடறேன்னு கேளு.” இருவருக்கும் இடையே இரண்டடி தூரம்கூட இருக்காது, அந்த இரண்டடியில்தான் நான் படுத்திருந்தேன். ஆனாலும் ஒருவரோடு ஒருவர் பேசமாட்டார்கள், என் வழியாகத்தான் பேசுவார்கள். ஆரம்பத்தில் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். சண்டை பெரிசாகி அப்பா எழுந்து வருவார், அடி மூன்று பேருக்கும் சமமாக விழும். எனக்கு ஏழெட்டு வயது இருக்கும், ஒரு நாள் அக்கா “அந்தக் குரங்கைக் காலை எடுக்கச் சொல்லு” என்றதை நான் “அக்காவுக்குக் கால் வலிக்குதாம், கொஞ்சம் தள்ளிப் படுக்கிறியாடா” என்று மாற்றிச் சொன்னேன். தம்பி சத்தம் போடாமல் தள்ளிப் படுத்தான். அறை அமைதியானது. எனக்கு ஏதோ மந்திரம் கைகூடியது போல இருந்தது.

இன்றுவரை நான் மல்லாந்து, கைகளை உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டு, கட்டை மாதிரிதான் தூங்குகிறேன். எவ்வளவு பெரிய கட்டிலாக இருந்தாலும் அப்படித்தான். கல்யாணமான புதிதில் என் மனைவி பயந்தே போய்விட்டாள். இரண்டு நாடுகளுக்கு நடுவே எல்லைக்கோடாகப் படுத்துப் பழகிய உடம்பு, வேறு எப்படித் தூங்கும்?

இதைச் சொன்னால் உடனே பலரும் சொல்வது, “நடுப்பிள்ளை இல்லையா, அப்படித்தான் இருப்பே” என்பது. மூத்தது பொறுப்பு, நடுவில் பிறந்தது சமாதானம், கடைக்குட்டி செல்லம் என்று ஒரு கணக்கு எல்லாரிடமும் இருக்கிறது. ‘மூத்தது மோழை, இளையது காளை’ என்று பழமொழியே வைத்திருக்கிறோம். இந்தக் கணக்கை உளவியலுக்குள் பிரபலமாகக் கொண்டுவந்தவர் வியன்னா மருத்துவர் ஆல்ஃபிரட் அட்லர். மூத்த பிள்ளை, அடுத்தது பிறந்ததும் சிம்மாசனத்திலிருந்து இறக்கப்பட்ட ராஜா என்பார் அவர். அவரே இரண்டாவது பிள்ளைதான், அண்ணன் பெயர் சிக்மண்ட். பிற்பாடு இன்னொரு சிக்மண்டோடு, அதாவது பிராய்டோடு, கருத்து மோதி 1911இல் பிரிந்தார் என்பதைப் படித்தபோது சிரித்துவிட்டேன். யாரோடு யாருக்குச் சண்டையோ!

ஆனால் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தபோது அந்தக் கணக்கு நிற்கவில்லை. 2015இல் ஜெர்மனி ஆய்வாளர் யூலியா ரோரரும் கூட இருந்தவர்களும் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 20,000 பேருக்கு மேற்பட்டவர்களின் விவரங்களை அலசினார்கள். கலகலப்பு, பொறுப்புணர்வு, விட்டுக்கொடுக்கும் குணம், பதற்றம் என்று எதிலும் பிறந்த வரிசையால் நிலையான வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. அறிவுத்திறன் சோதனையில் மட்டும் மூத்தவர்களுக்குச் சின்ன முன்னிலை. அதே 2015இல் அமெரிக்காவில் சுமார் 3,77,000 பள்ளி மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வும் ஏறத்தாழ இதையேதான் சொன்னது. மூத்தவர்களுக்கு அங்கே கிடைத்த முன்னிலை சராசரியாக ஒரே ஒரு மதிப்பெண், ஒரே வீட்டுக்குள் இரண்டு பேரை நிற்கவைத்தால் கண்ணுக்கே தெரியாத அளவு.

ஆக, நான் இரண்டாவதாகப் பிறந்ததால் இப்படி ஆகவில்லை. அந்த இரண்டு பேருக்கும் நடுவில் தினமும் படுத்ததால் ஆனேன். இது வேறு, அது வேறு என்று பிரித்துப் பார்க்க எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று. வரிசை எண் விதி மாதிரி, மாற்ற முடியாது. பழக்கம் அப்படி இல்லை.

இன்னொன்றும் உண்டு. அக்கா படிப்பில் புலி. பள்ளிக்கூடத்தில் நான் எந்த வகுப்புக்குப் போனாலும் “நீ அவளோட தம்பியா?” என்று ஆசிரியர்கள் முகம் மலர்வார்கள், முதல் பரீட்சைத் தாள் திருத்தியதும் அந்த மலர்ச்சி வாடும். மூன்றாவது வருஷம் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். முடிவு என்று அப்போது எனக்கே தெரியாது. படிப்பு அக்காவுடைய இடம், அங்கே நான் போவதில்லை. செல்லம் கொஞ்சுவது தம்பியின் இடம். மிச்சம் என்ன இருக்கிறது? வீட்டைச் சிரிக்கவைப்பது, சண்டையைத் தீர்ப்பது. அதை எடுத்துக்கொண்டேன். என் குணம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி, அக்கா எடுத்துக்கொண்டது போக மீதி இருந்ததுதான். பிரான்சிஸ் ஷாக்டர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1976இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். கூடப்பிறந்தவர்கள் ஒருவரையொருவர் ‘நான் அவளைப் போல இல்லை’ என்று வேண்டுமென்றே விலகி வளர்கிறார்கள், அதுவும் முதல் இரண்டு பிள்ளைகளுக்கு இடையில்தான் இது அதிகம், ஒப்பிடுவதால் வரும் பொறாமையைத் தாங்க அது ஒரு வழி என்பது அவர் சொன்னது. இருவரும் ஒரே ஓட்டப்பந்தயத்தில் ஓடாவிட்டால் யாரும் தோற்க வேண்டாம் இல்லையா.

தோற்கவில்லை, சரி. ஆனால் எனக்குக் கணக்கு நன்றாகவே வரும் என்பது வேலைக்குப் போன பிறகுதான் தெரிந்தது. பதினைந்து வருஷம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை.

வேலை என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. ஒரு கூட்டத்தில் இரண்டு பேர் ஒரு திட்டத்தைப் பற்றிக் காரசாரமாக வாதாடிக்கொண்டிருந்தார்கள். குரல் கொஞ்சம் உயர்ந்ததுமே நான் ஒரு ஜோக் அடித்தேன். எல்லாரும் சிரித்தார்கள், பேச்சு வேறு பக்கம் போயிற்று. கூட்டம் முடிந்ததும் மேலதிகாரி என்னைத் தனியே கூப்பிட்டார். “அவங்க ரெண்டு பேரும் இன்னும் அஞ்சு நிமிஷம் சண்டை போட்டிருந்தா ஒரு முடிவுக்கு வந்திருப்பாங்க. உனக்கு ஏன் அவ்வளவு பயம்?” என்றார். எனக்குப் பயம் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை, நகைச்சுவை உணர்வு என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். நாற்பது வயதை நெருங்கும் ஆள் ஏ.சி. அறையில் உட்கார்ந்துகொண்டு, அப்பா எழுந்து வந்துவிடுவாரோ என்று பயப்படுகிறான். யோசித்தால் அதுதான் விஷயம்.

வீட்டில் மனைவி சொன்னது இன்னும் நேரடியாக இருந்தது. அவள் ஏதாவது குறை சொன்னால் நான் உடனே “நீ சொல்ல வர்றது என்னன்னா” என்று ஆரம்பித்து அதை மென்மையாக்கி அவளிடமே திருப்பிக் கொடுப்பேன். “நான் என்ன சொல்ல வந்தேனோ அதைத்தான் சொன்னேன். நீ அதைத் துவைச்சு இஸ்திரி போட வேண்டாம்” என்றாள் ஒரு நாள்.

கூடப்பிறந்தவர்கள் நம்மை உருவாக்குகிறார்கள் என்று பொதுவாகச் சொல்லும்போது பாசம், தியாகம் என்று போய்விடுகிறோம். ஆனால் உருவாக்கம் நடப்பது இந்த மாதிரிச் சில்லறை விஷயங்களில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்பா அம்மாவிடம் நாம் கொஞ்சம் நடிப்போம், நண்பனிடம் சண்டை என்றால் விலகிப் போய்விடலாம். கூடப்பிறந்தவனிடம் இரண்டுமே முடியாது. காலையில் அடித்துக்கொண்டாலும் ராத்திரி அதே அறைக்குத்தான் வந்தாக வேண்டும். ஒருவன் மனசில் என்ன ஓடுகிறது, எதைத் தொட்டால் வெடிப்பான், எப்போது விட்டுக்கொடுத்தால் லாபம் என்பதெல்லாம் அங்கேதான் பயிற்சி. பிரிட்டனில் 1994இல் உளவியலாளர் ஜோசப் பெர்னரும் சகாக்களும் மூன்று நான்கு வயதுக் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். இன்னொருவர் மனசில் தவறான ஒரு நம்பிக்கை இருக்க முடியும் என்பது குழந்தைக்குப் புரிகிறதா என்ற சோதனை. கூடப்பிறந்தவர்கள் உள்ள குழந்தைகள் அதில் முந்தியிருந்தார்கள். பின்னால் வந்த எல்லா ஆய்வுகளும் அதே முடிவைத் தரவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் என் தம்பிக்கு நான்கு வயதில் என்னை ஏமாற்றத் தெரிந்திருந்தது என்பதற்கு நானே சாட்சி.

இதன் தாக்கம் சின்ன வயதோடு முடிந்துவிடுகிறதா என்று கேட்டால், 1938இல் ஹார்வர்டு மாணவர்களிடம் தொடங்கி அவர்களை ஆயுள் முழுக்கத் தொடர்ந்த ஆய்வைச் சொல்லலாம். அதிலிருந்து 2007இல் ஒரு கட்டுரை வந்தது. இருபது வயதுக்கு முன் கூடப்பிறந்தவர்களோடு உறவு மோசமாக இருந்தவர்களுக்கு ஐம்பது வயதுக்குள் கடும் மனச்சோர்வு வரும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. பெற்றோர் எப்படி வளர்த்தார்கள் என்பதைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்தத் தொடர்பு மறையவில்லை. எல்லாரும் ஆண்கள், எல்லாரும் ஒரே பல்கலைக்கழகம், அதனால் உலகத்துக்கே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ‘அது சின்னப் பசங்க சண்டை, பெரிசானா சரியாப் போயிடும்’ என்று தள்ளிவிடுகிறோமே, அதை இப்போதெல்லாம் நான் சொல்வதில்லை.

சரி, ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வருகிறேன். அம்மா வீட்டுக்கு வந்த பிறகு யார் பார்த்துக்கொள்வது, எவ்வளவு செலவு, எத்தனை நாள் என்று பேசியாக வேண்டும். வழக்கம்போல அக்கா என்னிடம் வந்தாள். “அவன்கிட்ட சொல்லு...” நான் ராத்திரி முழுக்க ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியத்தைச் சொன்னேன். “நீயே சொல்லுக்கா. நான் சொன்னா மாத்திச் சொல்லிடுவேன்.” இவ்வளவுதான். ஆனால் சொல்லும்போது உள்ளங்கை வேர்த்தது.

தூது போகிறவர்கள் நிறையப் பேர் இதைப் படிப்பீர்கள் என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். நிறுத்தினால் உடனே எல்லாம் சரியாகிவிடாது, முதலில் மோசமாகும். அவர்கள் இருவரும் நேரடியாகப் பேசிய முதல் போன் நாலு நிமிஷத்தில் சண்டையில் முடிந்தது. இரண்டு பேரும் தனித்தனியாக எனக்குப் போன் செய்து புலம்பினார்கள். நான் கேட்டுக்கொண்டேன், ஆனால் அந்தப் பக்கம் கொண்டுபோகவில்லை. கேட்பது வேறு, சுமப்பது வேறு என்பதை அந்த ஒரு மாதத்தில்தான் பழகினேன். “ம், கஷ்டமாத்தான் இருக்கும்” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை கூடுதலாக வந்தாலும் மறுபடி தபால்காரன் ஆகிவிடுவேன். இரண்டாவது போன் பத்து நிமிஷம் ஓடியது. மூன்றாவது முறை பேசியபோது அப்பா இறந்த அன்றைக்குச் சொன்ன அந்த ஒரு வார்த்தையைப் பற்றி இருவரும் பேசியிருக்கிறார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரியாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று தூது போனவனுக்குத்தான் தெரியும்.

பிறகு மூவரும் உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதினோம். இதை யார் கேட்டாலும் செய்யச் சொல்வேன், பெற்றவர்கள் நன்றாக இருக்கும்போதே செய்வது இன்னும் உத்தமம். யார் எத்தனை நாள் கூட இருப்பது, யார் எவ்வளவு பணம் போடுவது, டாக்டரிடம் பேசுவது யார், காப்பீட்டுக் காகிதங்கள் யார் பொறுப்பு, ராத்திரி இரண்டு மணிக்கு அம்மா கூப்பிட்டால் போனை எடுப்பது யார் என்று எல்லாவற்றையும் எழுதினோம். தூரத்தில் இருக்கும் தம்பியால் கூட இருக்க முடியாது. அவன் காப்பீடு, மருந்து ஆர்டர், டாக்டர் நேரம் வாங்குவது என்று போனிலேயே முடியக்கூடிய அத்தனையையும் எடுத்துக்கொண்டான். எழுதிய பிறகுதான் அக்கா எவ்வளவு செய்துகொண்டிருந்தாள் என்பது அவன் கண்ணுக்கே தெரிந்தது. வாயைத் திறக்காமல் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். எட்டு வருஷமாக நான் இனிப்புத் தடவி அனுப்பிய செய்திகளில் அவள் களைப்பு ஒரு இடத்தில்கூட இல்லை. பங்கு சமமாக வரவில்லை, வரவும் வராது. ஏன் சமமில்லை என்பதை மூவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டோம். பாதி மனக்கசப்பு சமமில்லாததால் வருவதில்லை, காரணம் சொல்லப்படாததால் வருகிறது.

அம்மா கொஞ்சம் தேறி எழுந்து நடமாட ஆரம்பித்த சமயத்தில், ஒரு மாலை அக்கா திடீரென்று, “சொல்லுங்கடா, நம்ம மூணு பேர்ல அம்மாவுக்கு யாரைப் பிடிக்கும்?” என்றாள். தம்பி யோசிக்காமல் “உன்னைத்தான்” என்றான். அக்கா “என்னையா? உன்னைத்தான்னு நான் நினைச்சிட்டிருந்தேன்” என்றாள். என்னை இருவருமே சொல்லவில்லை என்பதை நான் குறித்துவைத்துக்கொண்டேன். அமெரிக்காவில் சமூகவியல் ஆய்வாளர்கள் கார்ல் பில்லெமரும் ஜில் சூட்டரும் 2001இல் இருந்து வயதான தாய்மார்களையும் அவர்களுடைய வளர்ந்த பிள்ளைகளையும் கேட்டு வருகிறார்கள். தங்களில் அம்மாவுக்கு யார் மேல் பிரியம் அதிகம் என்று பிள்ளைகள் நினைப்பது பெரும்பாலும் தப்பாகவே இருக்கிறதாம். ஆனால் தப்போ சரியோ, அந்த நினைப்பு நடுவயதிலும் கூடப்பிறந்தவர்களுக்கு இடையில் இடைவெளி உண்டாக்குகிறது. நடந்ததை விட நடந்ததாக நினைப்பதுதான் வேலை செய்கிறது.

அந்தப் பேச்சு ராத்திரி வரை நீண்டது. அக்கா சொன்னாள், “நான் ஒரே ஒரு தடவை ரெண்டாவது ராங்க் வாங்கினேன். யாரும் திட்டல. யாரும் எதுவுமே பேசல. அன்னைக்கு ராத்திரி நான் தூங்கவே இல்ல, உங்களுக்குத் தெரியுமா?” தெரியாது. ஓரடி தூரத்தில் படுத்திருந்த எனக்குத் தெரியாது. படிப்பு அவளுடைய ராஜ்ஜியம் என்று நான் நினைத்தது, அவளுக்குச் சிறை மாதிரி இருந்திருக்கிறது. தம்பி சொன்னது வேறு. “நான் வர்றதுக்குள்ள எல்லா ஜோக்கும் முடிஞ்சிருக்கும். நீங்க ரெண்டு பேரும் சிரிச்சிட்டிருப்பீங்க, என்னன்னு கேட்டா ‘உனக்குப் புரியாது’ம்பீங்க. என் புஸ்தகத்தில எல்லாம் அக்கா பேரு அடிச்சு அதுக்குக் கீழ உன் பேரு அடிச்சு அப்புறம்தான் என் பேரு.” செல்லப்பிள்ளை என்று நாங்கள் பொறாமைப்பட்டவன் அவன்.

ஒரே அப்பா, ஒரே அம்மா, ஒரே வீடு, ஆனால் மூன்று பேர் வளர்ந்தது மூன்று வெவ்வேறு வீடுகளில். உளவியல் ஆய்வாளர்கள் ராபர்ட் ப்ளோமினும் டெனிஸ் டேனியல்ஸும் 1987இல் கேட்ட கேள்வியே இதுதான்: ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் ஏன் இவ்வளவு வேறாக இருக்கிறார்கள்? கூடப்பிறந்தவர்கள் சராசரியாகப் பாதி மரபணுவைப் பகிர்கிறார்கள். அப்படியிருந்தும், குணத்தைப் பொறுத்தவரை, ஒரே வீட்டில் வளர்வது அவர்களை ஒன்றுபோல ஆக்குவது மிகக் குறைவு, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நடந்தவைதான் அதிகம் தெரிகின்றன என்பது அவர்கள் வாதம். என் தம்பிக்கு வாய்த்த வீட்டில் ஒரு அண்ணன் இருந்தான். எனக்கு வாய்த்த வீட்டில் அண்ணனே கிடையாது. வேறு எப்படி ஒன்றாக இருக்கும்? அதனால் உங்களால் முடிந்தால் ஒரு தடவை உங்கள் அண்ணனையோ தங்கையையோ கூப்பிட்டு, சின்ன வயதில் நடந்த ஒரே ஒரு சம்பவத்தைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். திருத்தாமல் கேளுங்கள். “அப்படி இல்ல, நடந்தது என்னன்னா” என்று ஆரம்பிக்கத் துடிக்கும், நாக்கைக் கடித்துக்கொள்ளுங்கள்.

எல்லாருக்கும் இது பொருந்தாது. எனக்கு நெருங்கிய ஒருவர் அண்ணனிடம் தினமும் அடி வாங்கி வளர்ந்தவர், சண்டை இல்லை, அடி. வீட்டில் அதற்கு ‘விளையாட்டு’ என்று பேர் வைத்திருந்தார்கள். இப்போது அந்த அண்ணனோடு பேச்சு இல்லை. ‘தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும்’ என்று சொல்லிச் சொல்லி உறவினர்கள் அவரைச் சேர்த்துவைக்கப் பார்க்கிறார்கள். அவர் சேர வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஒருவன் பயந்தும் மற்றவன் பயமுறுத்தியும் வளர்ந்த உறவை மனம்விட்டுப் பேசித் தீர்க்கலாம் என்பது, பயந்தவனிடமே மறுபடி வேலை வாங்குவது. பிள்ளைகளில் ஒருவன்தான் எப்போதும் அடிப்பவன், இன்னொருவன்தான் எப்போதும் அடிபடுபவன் என்றால் பெற்றவர்கள் அன்றைக்கே குறுக்கே புகவேண்டும்.

ஒற்றைப் பிள்ளை பெற்றவர்கள் இதையெல்லாம் படித்துவிட்டுக் கவலைப்பட வேண்டாம். டோனி ஃபால்போ என்ற ஆய்வாளர் 1986இல் ஏராளமான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, ஒற்றைப் பிள்ளைகள் குணத்தில் மற்றவர்களை விடக் குறைந்துபோவதில்லை என்றே சொன்னார். பயிற்சிக்குக் களம் வேறு கிடைக்கும், அவ்வளவுதான்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவள் பெண், சின்னவன் பையன். இவ்வளவும் தெரிந்த பிறகும் நான் ஒரு நாள் யாரிடமோ “இவ அமைதி, அவன்தான் வாலு” என்று சொன்னேன். பையன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அடுத்த பத்து நிமிஷத்தில் சோபா மேலிருந்து குதித்தான், கொடுத்த பட்டத்துக்கு மரியாதை செய்ய வேண்டாமா. பெண்ணின் முகத்தைத்தான் நான் பிறகு நினைத்துப் பார்த்தேன். அமைதி என்று பெயர் வாங்கிவிட்டவள் இனி எப்போது கத்துவாள்? அதிலிருந்து ஆளுக்குப் பெயர் வைப்பதை விட்டு, நடந்ததை மட்டும் சொல்லப் பார்க்கிறேன். “சோபாவில குதிக்கிறே, இறங்கு.” பாராட்டும்போதும் அப்படித்தான், ஏனென்றால் ஒருவரைப் பாராட்டுவது இன்னொருவர் காதில் வேறு மாதிரி விழுகிறது. எப்போதும் முடிகிறது என்று பொய் சொல்ல மாட்டேன்.

அவர்கள் சண்டை போட்டால் நான் தீர்ப்புச் சொல்வதில்லை. அவள் கட்சியை அவன் சொல்ல வேண்டும், அவன் கட்சியை அவள் சொல்ல வேண்டும், “ஆமா, அதான்” என்று எதிராளி ஒத்துக்கொள்ளும்வரை. முதல் முறை அரை மணி நேரம் ஆனது, இருவரும் அழுதார்கள், நானும் கிட்டத்தட்ட. இப்போது சில நாள் ஐந்து நிமிஷத்தில் முடிகிறது, சில நாள் சண்டையே சலித்துப்போய் விளையாடப் போய்விடுகிறார்கள். போன வாரம் பெண் என்னிடம் வந்து, “அப்பா, அவனை என் பென்சில் பாக்ஸைத் தொட வேண்டாம்னு சொல்லுங்க” என்றாள். பையன் அதே அறையில், இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கிறான். எனக்கு ஒரு நிமிஷம் மூச்சே நின்றுவிட்டது. “அங்கதானே இருக்கான், நீயே சொல்லும்மா” என்றேன். சொன்னாள். அவன் “மாட்டேன்” என்றான். நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அது என் வாழ்க்கையின் கடினமான காரியங்களில் ஒன்று.

அக்காவும் தம்பியும் இப்போது வாரத்துக்கு இரண்டு தடவை பேசுகிறார்கள். நல்லபடியாகவே என்று சொல்ல முடியாது, போன மாதம்கூட அம்மாவின் பிசியோதெரபி விஷயத்தில் பெரிய சண்டை. நாள் தவறாமல் தெரிந்துகொண்டிருந்த செய்திகள் எனக்கு இப்போது கடைசியாகத்தான் வருகின்றன, சிலது வருவதே இல்லை. வேலை போன ஆள் மாதிரி இருக்கிறது சில சமயம். நேற்று தம்பிக்குப் போன் செய்து, “அக்கா ஏதோ கோபமா இருக்கிற மாதிரி இருந்துச்சே, என்னடா சொன்னா?” என்று மெல்லக் கேட்டேன்.

“அதை அக்காகிட்டயே கேளு அண்ணா” என்றான்.